மலை உச்சி இருக்கும்போது விண்வெளித் தொலைநோக்கி எதற்கு?

அரைநிலா (இழையைத் தொடங்கியவர்)

காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர். ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்று ஜவ்வாது மலையில் இருக்கிறது, மற்றொன்று சுமார் 610 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றத் தொடங்கியது. பல கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதைப் பார்ப்பவர்களுக்கு இந்த 610 கிலோமீட்டர் நெருங்கிப் போனதில் என்ன ஆதாயம்?

சிலியில் 39 மீட்டர் ஆடியுடன் ஒரு தொலைநோக்கி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, 6.5 மீட்டர் ஆடி கொண்ட ஜேம்ஸ் வெப்புக்குச் சுமார் 1,000 கோடி டாலர் செலவழித்து, அதை 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்துவானேன்? எக்ஸ் கதிருக்கு ஒன்று, புற ஊதாவுக்கு ஒன்று, காமாவுக்கு ஒன்று என்று பட்டியல் வேறு நீள்கிறது. எல்லாவற்றையும் ஒரே கருவியில் பார்க்க முடியாதா? தெரிந்தவர்கள் சூத்திரங்களைக் குறைத்துக்கொண்டு விளக்குங்கள்.

கடலூர்க்காரன்

விண்மீன் மினுக்குகிறதே, அதுதான் காரணம். காற்றடுக்குகள் ஓயாமல் அசைவதால், தரையிலிருந்து பார்க்கும்போது விண்மீனின் பிம்பம் ஏறத்தாழ ஒரு வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) அகலத்துக்குக் கலங்கிவிடுகிறது. காற்றுக்கு மேலே இருக்கும் ஹப்பிள் அதில் இருபதில் ஒரு பங்கு நுணுக்கத்தையும் பிரித்துக் காட்டுகிறது. ஆடி ஒரே அளவாக இருந்தும் படங்களில் அத்தனை வேறுபாடு வருவது இதனால்தான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மேகமலை

தேவை இருக்கிறது. மினுக்கல் ஒரு காரணம்தான். ஆனால் ஹப்பிள் ஏவப்பட்ட 1990இல் அதற்கு இருந்த எடை இன்று இல்லை. பெரிய தரைத் தொலைநோக்கிகளில் காற்றின் கலக்கத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, அதற்கேற்ப ஒரு மெல்லிய ஆடியை வளைத்து நெளித்துப் பிம்பத்தைச் சீர்செய்கிறார்கள். ஹவாயில் உள்ள கெக், சிலியில் உள்ள விஎல்டி ஆகியவை இந்த உத்தியுடன்தான் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளையைச் சுற்றிவரும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தன. 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவருக்கும் பங்கு கிடைத்தது அந்த வேலைக்காக. முழுக்கத் தரையிலிருந்து செய்யப்பட்ட வேலை அது. ஆகவே, தெளிவு மட்டும்தான் சிக்கல் என்றால் அரைநிலாவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

நெடுவெளி

தெளிவு இரண்டாவது சங்கதி. முதல் சங்கதி, பெரும்பாலான ஒளி தரைக்கு வந்து சேர்வதே இல்லை என்பது. வராத ஒளியை 39 மீட்டர் ஆடியும் பிடிக்காது, 390 மீட்டர் ஆடியும் பிடிக்காது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ரேடியோ அலை, அகச்சிவப்பு, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் எல்லாம் அதே இனம்தான். அலைநீளம் மட்டுமே வேறு. இவற்றில் வளிமண்டலம் தாராளமாக உள்ளே விடுவது இரண்டு பகுதிகளை மட்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதன் இரு ஓரங்களும் ஒன்று. சில மில்லிமீட்டரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் வரையிலான ரேடியோ அலைகள் இன்னொன்று. 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோன் தடுத்துவிடுகிறது. அகச்சிவப்பின் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் விழுங்கிவிடுகின்றன. நடுநடுவே சில இடுக்குகள்தான் திறந்திருக்கின்றன. மேகமலை சொன்ன கெக், விஎல்டி வேலைகூட 2 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்) அருகே உள்ள அப்படியோர் இடுக்கின் வழியாக நடந்ததே. எக்ஸ் கதிருக்கு அந்த இடுக்குகூட இல்லை.

இதனால் நாம் எதை இழந்துகொண்டிருந்தோம் என்பதற்கு 1962 ஜூன் மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சூரியன் எக்ஸ் கதிர் வெளியிடுகிறது என்பது 1940களின் இறுதியிலேயே ராக்கெட்டுகள் மூலம் தெரிந்துவிட்டது. ஆனால் மற்ற விண்மீன்களும் சூரியனைப் போலத்தான் என்றால், அவை இருக்கும் தொலைவுக்கு அவற்றின் எக்ஸ் கதிர் அன்றைய கருவிகளில் சிக்கவே சிக்காது. எனவே ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலவின் மீது சூரியக் கதிர் பட்டு எக்ஸ் கதிர் கிளம்புகிறதா என்று பார்ப்பதற்காக நியூ மெக்சிகோவிலிருந்து ஓர் ஏரோபீ ராக்கெட்டை அனுப்பியது. 80 கிலோமீட்டருக்கு மேலே அது இருந்தது ஏறத்தாழ ஆறு நிமிடம்தான். நிலவிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. விருச்சிக மண்டலத்தின் பக்கமிருந்து மட்டும் யாரும் எதிர்பாராத அளவுக்கு எக்ஸ் கதிர் கொட்டியது.

அதற்குத்தான் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். சூரியனை விட்டுவிட்டால், எக்ஸ் கதிரில் நம் வானத்தில் இடைவிடாது ஒளிரும் பொருள்களில் மிகப் பிரகாசமானது அது. ஆனால் 1966இல் தரைத் தொலைநோக்கிகளால் அதைத் தேடிக் கண்டுபிடித்தபோது, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு மங்கலான நீல விண்மீனாக இருந்தது. ஒரு நியூட்ரான் விண்மீன் (வெடித்த விண்மீனின் மிக அடர்ந்து சுருங்கிய மிச்சம்) தன் துணை விண்மீனின் பொருளை இழுத்து விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பது பிற்பாடு தெளிவானது. கண்ணொளி மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் பல்லாயிரம் மங்கல் விண்மீன்களில் ஒன்றாக அது பட்டியலில் கிடந்திருக்கும். ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகள் தாமதம் என்பது என் கருத்து.

பிறகு 1970 டிசம்பரில் கென்யாவின் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து உகுரு செயற்கைக்கோள் போனது. ஆறு நிமிடங்களுக்குப் பதில் ஆண்டுக்கணக்கில் பார்க்க முடிந்ததால் 339 எக்ஸ் கதிர் மூலங்கள் அடங்கிய பட்டியல் வந்தது.

அரைநிலா

ஒரு சந்தேகம். மருத்துவமனையில் எக்ஸ் கதிர் உடம்பையே ஊடுருவிப் போகிறது. சதையைத் துளைக்கும் கதிரை வெறும் காற்று எப்படித் தடுக்கும்?

இயற்பியல் வாத்தியார்

நல்ல கேள்வி. வகுப்பில் மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று காத்திருப்பேன்; அரிதாகத்தான் கேட்பார்கள்.

காற்று வெறும் காற்று அன்று. உங்கள் தலைக்கு மேலே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது நிற்கும் காற்றுத்தூணின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அதே எடைக்குத் தண்ணீரை நிறுத்தினால் பத்து மீட்டர் உயரம் வரும். மருத்துவமனைக் கதிர் கடப்பது இருபது, முப்பது சென்டிமீட்டர் உடம்பை. பத்து மீட்டர் தண்ணீர் என்றால் அதுவும் நின்றுவிடும். மேலும், ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 போன்றவை பெரும்பாலும் வெளியிடுவது மருத்துவமனைக் கதிரைவிடப் பல மடங்கு குறைந்த ஆற்றலுள்ள கதிர்களை. அவை வளிமண்டலத்தின் மேலடுக்குகளிலேயே அடங்கிவிடும்.

ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர்களுக்கு மட்டும் ஓர் இடைவழி உண்டு. பலூன். 40 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் வளிமண்டலத்தின் 99 விழுக்காட்டுக்கு மேல் காலுக்குக் கீழே வந்துவிடும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்திலிருந்து பல பத்தாண்டுகளாகப் பலூன் விட்டுவருகிறது. அங்கே வளர்ந்த எக்ஸ் கதிர்க் கருவி அனுபவம்தான் பின்னாளில் இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் போய் அமர்ந்தது.

உப்புக்காற்று

விவாதத்தின் நடுவே ஒரு கசப்பான கேள்வி. எக்ஸ் கதிருக்கு நிறம் கிடையாது. அகச்சிவப்புக்கும் கிடையாது. பிறகு பத்திரிகைகளில் வரும் ஊதா, பச்சை, செம்பொன் படங்கள் எல்லாம் யாரோ கணினியில் பூசிய சாயந்தானே? அதை வைத்துக்கொண்டு "பிரபஞ்சத்தின் அழகு" என்று எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

திருவாதிரை

எரிச்சல் படத்தலைப்பு எழுதுபவர்கள் மீது என்றால் நானும் கூட நிற்கிறேன். படத்தின் மீது வேண்டாம். குறைந்த ஆற்றலுக்குச் சிவப்பு, நடு ஆற்றலுக்குப் பச்சை, மிகுந்த ஆற்றலுக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு கதிர் வருகிறது என்பவை அளந்தவை. வரைபடத்தில் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் கொடுப்பதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு ஒளியிலும் பார்ப்பது ஒரே பொருளின் வெவ்வேறு வண்ணப் பிரதிகளை அல்ல. பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களையே. என் பெயருக்குரிய விண்மீனையே எடுத்துக்கொள்வோம். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,500 கெல்வின். அது அதிகமாக வெளியிடுவது அகச்சிவப்பில். அதே ஓரியன் மண்டலத்தின் மறுமூலையில் இருக்கும் ரைஜல் 12,000 கெல்வின் அளவில் கொதிக்கிறது. அதன் உச்சம் புற ஊதாவில். இரண்டுக்கும் நடுவே மேகங்களில் உறைந்து கிடக்கும் தூசு 20, 30 கெல்வின்தான்; அது 100 மைக்ரானுக்கு அருகே மட்டுமே தெரியும். வெப்பம் ஏற ஏற அலைநீளம் குறையும், அவ்வளவுதான் விதி. ஒரே மண்டலம், ஆனால் இந்த மூன்றையும் பார்க்க மூன்று ஒளி வேண்டும்.

விண்மீன் திரள்களின் கொத்துகளில் இது இன்னும் கடுமை. அங்கே திரள்களுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு பரவியிருக்கிறது. கண்ணொளியில் அது சூனியம். எக்ஸ் கதிரில் பார்த்தால், அந்த வாயுவின் மொத்த நிறை எல்லாத் திரள்களிலும் உள்ள விண்மீன்களின் மொத்த நிறையைவிட அதிகம். அதாவது விண்மீன்களை மட்டும் எண்ணியவர்கள் கொத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பங்கைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நெடுவெளி

> வெவ்வேறு பொருள்களையே

இதற்கு நண்டு நெபுலாவை விடச் சிறந்த சான்று கிடையாது. 1054இல் சீனர்கள் பதிவுசெய்த விண்மீன் வெடிப்பின் மிச்சம். ரிஷப மண்டலத்தில் சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கண்ணொளியில் பார்த்தால் இழை இழையாகச் சிதறிய வாயு. 1999இல் சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் அதைப் பார்த்தபோது, நடுவில் விநாடிக்கு முப்பது முறை சுழலும் துடிவிண்மீனைச் சுற்றி வளையங்களும் அதிலிருந்து பீறிடும் தாரையும் தெரிந்தன. எக்ஸ் கதிரில் தெரியும் பகுதி, ரேடியோவில் தெரிவதைவிடச் சிறியது. காரணம், எக்ஸ் கதிரை உமிழும் மிகை ஆற்றல் எலெக்ட்ரான்கள் நெடுந்தொலைவு போவதற்குள் ஆற்றலை இழந்துவிடுகின்றன. ரேடியோ உமிழ்பவை நீண்டகாலம் தாக்குப்பிடிக்கின்றன. இரண்டு படங்களின் அளவை ஒப்பிட்டே எலெக்ட்ரான் எவ்வளவு வேகமாகக் களைக்கிறது என்று கணக்கிடலாம். சாயம் பூசிய படத்தில் இருந்துதான், உப்புக்காற்று.

"ஒரே தொலைநோக்கி போதாதா" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. எக்ஸ் கதிரைச் சாதாரண ஆடியின் மீது நேராக விழவிட்டால் அது திரும்பாது; உறிஞ்சப்பட்டுவிடும். மிகச் சாய்வான கோணத்தில் உரசிச் செல்லவிட்டால்தான் திசைமாறும். அதனால் சந்திராவின் ஆடிகள் குழாய் வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சோடிகளாக, இரிடியம் பூசப்பட்டு நிற்கின்றன. தங்கம் பூசிய ஜேம்ஸ் வெப்பின் அறுகோண ஆடிகளோடு அதை எப்படிச் சேர்ப்பீர்கள்?

கடலூர்க்காரன்

சந்திரா என்பது நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் என்பதையும் சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார்

லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிடத் தொடங்கிவிட்டார். அந்த வரம்பு சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் விண்மீன் நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ சுருங்கியாக வேண்டும். அந்த இரண்டு இனங்களும் தங்களை வெளிக்காட்டிக்கொள்ளும் முக்கிய வழிகளில் ஒன்று எக்ஸ் கதிர். ஆகவே அந்தப் பெயர் வெறும் மரியாதைக்காக ஒட்டவைத்தது அல்ல. 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடம் அதைக் கொண்டுபோனபோது அவர் உயிரோடு இல்லை, 1995இல் மறைந்துவிட்டார்.

அரைநிலா

எக்ஸ் கதிர் புரிந்தது. அகச்சிவப்புக்கு இடுக்குகள் இருக்கின்றன என்றீர்கள். அப்படியானால் மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்து அந்த இடுக்குகளோடு திருப்திப்படலாமே? 15 லட்சம் கிலோமீட்டர் போக வேண்டுமா?

திருவாதிரை

2 மைக்ரான் வரை உங்கள் வாதம் ஓரளவு நிற்கும். அதைத் தாண்டினால் தடுப்பது மட்டும் சிக்கல் இல்லை. அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரானுக்கு அருகே தானே ஒளிர்கிறது. தலைக்கு மேல் உள்ள காற்று, தொலைநோக்கியின் ஆடி, அதைத் தாங்கும் இரும்பு, கூரை, பக்கத்தில் நிற்கும் நீங்கள் எல்லாமே. அந்த வெளிச்சத்தின் நடுவே தொலைவில் உள்ள ஒரு குளிர்ந்த தூசு மேகத்தைத் தேடுவது பட்டப்பகலில் மின்மினியைத் தேடுவதற்குச் சமம். ஆகவே காற்றுக்கு மேலே போனால் மட்டும் போதாது, தொலைநோக்கியையே குளிர வைக்க வேண்டும்.

1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் திரவ ஹீலியம் நிரப்பிய கலத்துக்குள் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு போனது. பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது, வேலையும் முடிந்தது. அந்தப் பத்து மாதத்துக்குள், அபிஜித் விண்மீன் தனக்குரியதைவிட மிக அதிக அகச்சிவப்பை வெளியிடுவதைக் கண்டது. சுற்றிலும் தூசு வட்டு இருக்கிறது என்பதற்கு முதல் தடயம். அதுவரை கருவிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாக வைத்திருந்த விண்மீன் அது என்பதுதான் வேடிக்கை. ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கிக்கும் இதே கதி. 2009இல் போய் 2013 ஏப்ரலில் ஹீலியம் வற்றியது.

ஜேம்ஸ் வெப் ஹீலியத்தை ஆவியாக்கிச் செலவழிப்பதில்லை. டென்னிஸ் மைதான அளவுள்ள ஐந்தடுக்குத் திரையால் சூரியனை மறைத்துக்கொள்கிறது. 15 லட்சம் கிலோமீட்டருக்குப் போனதன் நோக்கம் இதுவே: அந்த இடத்தில் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும், ஒரு திரை போதும். திரைக்குப் பின்னால் கருவிகள் 40 கெல்வின் அளவுக்குத் தானாகவே குளிர்ந்துவிடுகின்றன. நடு அகச்சிவப்புக் கருவியை மட்டும் தனிக் குளிர்விப்பான் மூலம் 7 கெல்வினுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பூமியைச் சுற்றும் ஹப்பிளுக்கு இது நடவாது. காலுக்குக் கீழே பூமியே ஓர் அடுப்பு.

நெடுவெளி

திருவாதிரை அக்கா சொன்னதோடு செம்பெயர்ச்சியையும் சேர்க்க வேண்டும். பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியிலேயே நீண்டுவிடுகிறது. ஹைட்ரஜனின் வலுவான கோடு 121.6 நானோமீட்டரில், ஆழமான புற ஊதாவில் இருக்கிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் திரள், பெருவெடிப்புக்குப் பிறகு 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தைச் சேர்ந்தது. அதன் ஒளியில் அந்தக் கோட்டுக்குரிய இடம் 1.8 மைக்ரானுக்கு மேலே, அகச்சிவப்புக்குள் வந்துவிட்டது. அதன் மற்ற அடையாளங்கள் இன்னும் நீண்ட அலைகளில், தரையிலிருந்து எட்டாத இடத்தில். முதல் திரள்களைத் தேடுபவர் அகச்சிவப்புக்குப் போவது விருப்பத் தேர்வு அல்ல.

மேகமலை

ஒரு தடை எழுப்புகிறேன். "உயர் ஆற்றல் கதிர் என்றால் விண்வெளிதான்" என்பது போல இழை போய்க்கொண்டிருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 4,200 மீட்டருக்கு மேலே 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி நிற்கிறது. 2024 அக்டோபரில் திறந்தார்கள். அது பார்ப்பது காமா கதிரை. தரையிலிருந்து.

இயற்பியல் வாத்தியார்

மேஸ் காமா கதிரை நேராகப் பார்ப்பதில்லை, தம்பி. காமா கதிர் மேலடுக்குக் காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறுகிறது. அந்தத் துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி ஓடும்போது, சில நானோவிநாடி நேரத்துக்கு நீல வெளிச்சம் பளிச்சிடுகிறது. செரன்கோவ் ஒளி. மேஸ் பிடிப்பது அதை. இங்கே காற்று தடை அல்ல, கருவியின் ஒரு பாகம்.

ஆனால் அதற்குக் கதிரின் ஆற்றல் மிக மிக அதிகமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, 2008இல் ஏவிய ஃபெர்மி போன்ற விண்வெளித் தொலைநோக்கிகள் வேண்டும். மறுபக்கம், உச்ச ஆற்றல் கதிர்கள் மிக அரிதாக வருபவை. ஃபெர்மியின் ஒரு சதுர மீட்டர் அளவுக் கண்ணில் அவை விழக் காத்திருந்தால் காலம் போய்விடும். தரையில் நின்றால் மழை பரவும் பல்லாயிரம் சதுர மீட்டரும் வலையாகிவிடும். ஆகவே மேகமலையின் தடை நியாயமானது. எங்கே வைப்பது என்பதை அலைநீளம்தான் முடிவு செய்கிறது, கௌரவம் அல்ல.

உப்புக்காற்று

அப்படியானால் ரேடியோவுக்கு விண்வெளி வேண்டாம், சரியா?

மேகமலை

பெரும்பாலும் வேண்டாம். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டியதால், அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே திருப்பலில் வானப்பொருளைப் பல மணிநேரம் தொடர முடிகிறது. இவ்வளவு பெரியதை எந்த ராக்கெட்டில் ஏற்றுவது? அது பார்க்கும் 92 சென்டிமீட்டர் அலையில் ஹப்பிள் அளவு நுணுக்கம் வேண்டும் என்றால் சுமார் 4,000 கிலோமீட்டர் விட்டம் தேவைப்படும். எனவே உலகெங்கும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துப் பார்ப்பதே வழி. ரஷ்யாவின் ரேடியோ ஆஸ்ட்ரான் செயற்கைக்கோள் போலச் சில விதிவிலக்குகள் உண்டு. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அயனி மண்டலம் தடுத்துவிடுவதால், அதற்கு மட்டும் நிலவின் மறுபக்கம்தான் இடம் என்கிறார்கள்.

அரைநிலா

இந்தியாவின் அஸ்ட்ரோசாட் இதில் எங்கே வருகிறது? இத்தனை நாடுகள் அனுப்பிய பிறகு இன்னொன்று தேவையா?

திருவாதிரை

2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் சிறப்பு, ஒரே பொருளைப் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் ஒரே நேரத்தில் பார்ப்பது. கருந்துளையைச் சுற்றியுள்ள வாயு விநாடிக்கு விநாடி மாறுகிறது; இன்று எக்ஸ் கதிரில் ஒருவரும் அடுத்த வாரம் புற ஊதாவில் இன்னொருவரும் பார்த்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. அதன் புற ஊதாத் தொலைநோக்கி முழுநிலவு அளவு வானத்தை ஒரே வீச்சில் படமெடுக்கும். 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு திரளின் ஆழ்ந்த புற ஊதாவை அது பிடித்ததை 2020இல் புனேயின் ஐயூகா வானியல் மையத்தைச் சேர்ந்த கனக் சாஹாவின் குழு வெளியிட்டது.

உண்மையில் எனக்குக் கவலை புற ஊதாவைப் பற்றித்தான். எல்லார் கண்ணும் ஜேம்ஸ் வெப் மேல். அது புற ஊதாவைப் பார்க்காது. ஹப்பிளோ 2024 ஜூன் முதல் ஒற்றைச் சுழல்காட்டி (திரும்புவதை உணரும் கருவி) முறையில் ஓடுகிறது. அது நின்றால் அந்த ஒளியில் அதற்கு ஈடான கண் இன்று எதுவும் இல்லை. 39 மீட்டர் ஆடி வந்தாலும் ஓசோன் விலகிக்கொள்ளப் போவதில்லை.

கடலூர்க்காரன்

அஸ்ட்ரோசாட் எடுத்த தரவைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

நெடுவெளி

முடியும். பெங்களூரு அருகே பையலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் தளத்தில் பதிவுசெய்துகொண்டால் எடுத்துக்கொள்ளலாம். நேரம் கேட்டு வாங்கிய விஞ்ஞானிக்கு ஒரு குறிப்பிட்ட காலம் முன்னுரிமை, அதன்பின் எல்லாருக்கும். சந்திராவுக்கும் ஹப்பிளுக்கும் இதே நடைமுறைதான். தொடங்குபவர்கள் புற ஊதாப் படங்களில் தொடங்குங்கள், திறந்த உடனே கண்ணுக்கு ஏதாவது தெரியும். எக்ஸ் கதிர்த் தரவு எண்களின் நீண்ட பட்டியலாக வரும். மென்பொருளை நிறுவுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். யாராவது முயன்றால் தனி இழை திறந்துவிடுங்கள், அங்கே பேசுவோம்.